இடது காலின் முறை

ஸ்ரனிஸ்லாஸின் இடது முழங்கால் இரண்டு காகிதங்களில் இரண்டு விதமாக இருந்தது. அகதி விண்ணப்பத்தில் அது உடைந்த கால். எண்பத்தாறில் மன்னாரில் ஷெல் துண்டு பட்ட கதை நான்கு பக்கத்துக்கு எழுதப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டும் இருந்தது. வேலை விண்ணப்பத்தில் அது நல்ல கால். உடற்குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். இந்த இரண்டு காகிதங்களும் ஒருநாள் ஒரே மேசையில் சந்தித்துவிடுமோ என்பதுதான் நாற்பத்தொரு வயதில் அவருக்கிருந்த பெரிய பயம்.

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே, குழாய்களுக்குப் பித்தளை மூட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குப் பெட்டி தூக்கும் வேலை. ஒரு வருட ஒப்பந்தம். தொண்ணூற்றாறு மார்ச்சில் முடிகிறது. அதன்பிறகு நிரந்தரமாக எடுப்பார்கள், அல்லது கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் நடக்கும்போதெல்லாம் எல்லோருக்கும் பின்னால் நடந்தார். பெட்டியை எப்போதும் இடது தோளில் வைத்தார். சாய்ந்து நடப்பது பாரத்தினால் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் ஒருநாள் மேற்பார்வையாளர் ஃபெட்ஸர் உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்தார். தொழிற்சாலை விளையாட்டுக் கழகத்தை நடத்துபவரும் அவர்தான்.

"சனிக்கிழமை பனிச்சறுக்குப் பயிற்சி முகாம் இருக்கிறது. மலையிறங்குவது இல்லை, காட்டுக்குள் சமதரையில் சறுக்குவது. ஒரு இடம் இருக்கிறது. வருகிறீர்களா?"

ஸ்ரனிஸ்லாஸ் ஓமென்று தலையாட்டிவிட்டார். மேற்பார்வையாளர் கேட்டால் தலை தானாக ஆடும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார்.

"பதினேழு வருசம் வேலையில நிக்கிற ஆக்கள் இருக்கினம். என்னை ஏன் கேக்கிறான்?" என்றார் மனைவி சிசிலியிடம்.

"நல்ல மனிசன் எண்டு கூப்பிட்டிருப்பார்."

"நல்ல மனிசன் மார்ச் மாசத்துக்கு முன்னம் கூப்பிட மாட்டான். என்ர காலைப் பாக்கத்தான் கூப்பிடுறான்."

"அப்ப போகாதேங்கோ."

"போகாட்டி ஏன் வரேல்லை எண்டு யோசிப்பான்."

"உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது. அந்தப் பச்சைச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு போங்கோ."

மேல்மாடியில் குடியிருந்த வின்சன்ற் தேநீர் குடிக்க வந்தவன் சிரித்தான். "அண்ணை, இவங்கள் விசாரிக்கிறதெண்டா கதிரையில இருத்தி, கோப்பி தந்து விசாரிப்பாங்கள். காட்டுக்குள்ள சறுக்க விட்டு விசாரிக்க அவங்களுக்கென்ன விசரே?"

"நீ பேசாமல் தேத்தண்ணியைக் குடி."

சனிக்கிழமை, கறுப்புக் காடு என்ற மலைப்பகுதியின் மேட்டில் ஒரு மரவீடு. வந்திருந்த பன்னிரண்டு பேரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர். பயிற்சியாளர், உல்ரிக்க என்ற பெண், ஆளுக்கொரு படிவம் தந்தார். பழைய காயங்கள் உண்டா என்று அதிலும் ஒரு கேள்வி. பக்கத்தில் நின்று ஃபெட்ஸர் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் மீண்டும் 'இல்லை' என்று எழுதினார். பிறகு தனக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றார். இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்று உல்ரிக்க சொன்னார். அதையும் ஸ்ரனிஸ்லாஸ் மனதில் குறித்துக்கொண்டார்.

பனிக்குள் இறங்கியதும் உல்ரிக்க எல்லோருடைய ஊன்றுகோல்களையும் வாங்கி ஒரு மரத்தில் சாத்தினார்.

"கைகளை நம்பிச் சறுக்குவதுதான் எல்லோரும் விடும் பிழை. முதலில் ஒரு காலில் மட்டும் நின்று, மூன்று எண்ணும்வரை சறுக்குங்கள். பிறகு மற்றக் காலில். நான் வீடியோ எடுப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம்."

ஒரு காலில் நிற்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்களாம். ஸ்ரனிஸ்லாஸ் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். காட்டுக்குள் விசாரிப்பார்களா என்று சிரித்த வின்சன்ற் இப்போது இங்கே நிற்க வேண்டும் என்று நினைத்தார்.

வலது கால் சொன்னபடி கேட்டது. மூன்றென்ன, ஐந்து எண்ணலாம் போலிருந்தது. பலகை வழுக்கிக்கொண்டு போன அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இடது காலின் முறை வந்தபோது அவர் பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தார். அடுத்த முறையும் விழுந்தார். பழகாதவன் விழுவான், விழுகிறவனை ஒருவரும் நொண்டி என்று சொல்லமாட்டார்கள். கமரா தன் பக்கம் திரும்பிய ஐந்து முறையும் அவர் விழுந்தார். மற்றவர்கள் பரிதாபப்பட்டுக் கைதட்டினார்கள். தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸின் முறை வந்ததும் உல்ரிக்க படத்தை மெதுவாக ஓடவிட்டார்.

"வலது கால், மிக அழகு. இப்போது இடது காலுக்கு மாறவேண்டும். பாருங்கள், பாரம் அதில் இறங்கும் முன்னமே இவர் கீழே போகிறார்." பின்னால் சுழற்றி இன்னொருமுறை போட்டார். "இது விழுவது இல்லை. இது படுப்பது."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெட்ஸர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு திரும்பி ஸ்ரனிஸ்லாஸின் முழங்காலைப் பார்த்தார்.

சறுக்குப் பலகைகளைப் பனியில் நட்டுவைத்திருந்த வாசலடியில் ஃபெட்ஸர் தனியாக வந்து நின்றார். ஸ்ரனிஸ்லாஸுக்குப் பொறுக்கவில்லை.

"என்னை ஏன் கூப்பிட்டீர்கள்?"

"பன்னிரண்டு பேர் சேராவிட்டால் முகாம் இல்லை. ஒருவர் கையை முறித்துக்கொண்டார். ஒன்பது பேரிடம் கேட்டேன். நீங்கள்தான் வருகிறேன் என்றீர்கள்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன?"

ஸ்ரனிஸ்லாஸ் அவருடைய முகத்தைத் துழாவினார். ஒன்றும் தெரியவில்லை. பொய்யென்றாலும் மெய்யென்றாலும் இப்போது ஒன்றுதான், கால் பிடிபட்டுவிட்டது. வேண்டுமென்றே விழுந்து அதைப் பிடித்துக்கொடுத்ததும் ஸ்ரனிஸ்லாஸேதான்.

"எப்போதிருந்து?" ஃபெட்ஸர் காலைக் காட்டிக் கேட்டார்.

"பத்து வருடம். உள்ளே இரும்பு இருக்கிறது."

"வேலைப் படிவத்தில்?"

"இல்லை என்று எழுதினேன். எழுதாவிட்டால் வேலை தந்திருப்பீர்களா?"

ஃபெட்ஸர் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டினார். "தெரியாது," என்றார் கடைசியில். "இந்தக் காலோடு ஒரு வருடம் பெட்டி தூக்கினீர்களா?"

"ஒன்றையும் விழவிடவில்லை."

"அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நீங்களே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்லவேண்டி வரும். கண்டபிறகு காணாததுபோல் என்னால் இருக்க முடியாது."

அன்றும் மறுநாளும் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்குள்ளே அங்குமிங்கும் நடந்தார். தானே வாயைத் திறந்து மாட்டிக்கொள்ளட்டும் என்பதற்கான பொறியோ இது? சொல்லாமல் விட்டாலும் பொறிதான். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துப் பெண்ணிடம் புதிய படிவம் வாங்கி, பழைய கேள்விக்குக் கீழே 'இடது முழங்கால்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் வாசித்தாள், எழுந்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, கடிதம் வரும் என்று மட்டும் சொன்னாள்.

தொழிற்சாலை மருத்துவர் முழங்காலை மடக்கிப் பார்த்தார். பிறகு ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஃபெட்ஸர் கடந்து போகும்போது வணக்கம் மட்டும் சொன்னார். சிசிலி தினமும் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

மார்ச் பதினான்காம் திகதி கடிதம் வந்தது. பாரம் தூக்கக்கூடாது. பித்தளை மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மேசையில், உட்கார்ந்து செய்யும் வேலை. நிரந்தரம். யார் சொல்லி இப்படி நடந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சிசிலி வாய்க்குள் ஒரு செபத்தை முணுமுணுத்து முடித்தாள். "அந்த மனிசனுக்கு ஒரு கேக் அடிச்சுத் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ."

"அவசரப்படாதையும். அந்த மேசை எங்க இருக்கெண்டு தெரியுமே? அவன்ர கண்ணாடி அறைக்கு நேர முன்னுக்கு. நாள் முழுக்க என்னைப் பாத்துக்கொண்டிருப்பான்."

"பாக்கட்டுமன். இனி ஒளிக்க உங்களிட்ட என்ன கிடக்கு?"

ஸ்ரனிஸ்லாஸ் கடிதத்தை மீண்டும் எடுத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினார். சிசிலி அவர் கையொப்பம் வைக்கப் பக்கத்தில் பேனையை வைத்துவிட்டு, கேக்குக்கு முட்டை இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.