லாக்கருக்கு அடியில் எழுந்த ரேகை

வல்லத்துப் பாலிஷ் ஷெட்டில் கங்கம்மாள் ஒன்பது வருடம் கணவன் நாகப்பனோடு வேலை செய்தாள். மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் நடுவில் வரும் அலுமினிய ஹப்தான் எங்களிடம் வரும். வரும்போது சாம்பல் நிறம், போகும்போது கண்ணாடி. மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து அதைத் தேய்ப்பது நாகப்பன். தின்னரால் துடைத்து, மினுக்கு மங்காமலிருக்க லாக்கர் என்ற நிறமில்லாத மேல்பூச்சைப் பூசுவது அவள்.

துடைத்த ஹப்பில் வெறுங்கை படக் கூடாது. பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, வியர்வை உலோகத்தை அரித்து, லாக்கருக்கு அடியிலிருந்து விரல் ரேகை வெள்ளையாக எழுந்து வரும்.

1983 ஜூலையில் மஞ்சள் காமாலையில் நாகப்பன் இறந்தான். காரியம் முடிந்த மறுநாளே அவன் மோட்டாரின் முன் கங்கம்மாள் உட்கார்ந்தாள். இரண்டு வேலையும் இப்போது அவளுடையது. பொம்பளைக் கையில் ஹப் நிற்காது என்றார் மேஸ்திரி ரகுபதி. நின்றது. எட்டாவது படிக்கும் மகள் காந்திமதியைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமலிருக்க அவளுக்கு வேறு வழியும் இல்லை.

நவம்பரில் பதினொரு ஹப்புகள் திரும்பி வந்தன. கூடவே கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ஷெட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான்தான் மேஸ்திரிக்குப் படித்துச் சொன்னேன். பதினொன்றிலும் ஒரே கட்டைவிரல் ரேகை. இன்னொரு முறை இப்படி வந்தால் ஷெட்டுக்கு வேலை கிடையாது.

"இன்னாம்மா, தொடைக்காமலே பூசிட்டியா?" என்றார் ரகுபதி.

"தொடச்சேன் மேஸ்திரி. என் கை படல."

"அப்ப யார் கை, காத்தோட கையா?"

கங்கம்மாள் ஒரு ஹப்பை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நெடுநேரம் கீழே வைக்கவில்லை. ரேகையின் நடுவே குறுக்காக ஒரு கோடு வெறுமையாக இருந்தது. நாகப்பனின் வலது கட்டைவிரலை ஒருமுறை ஹப்பின் விளிம்பு கிழித்திருந்தது. அந்தத் தழும்பு ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ரகுபதி ஹப்பை வாங்கி உள்பக்கம் நாங்கள் குத்தியிருந்த பாலிஷ் தேதியைப் பார்த்தார். செப்டம்பர். மற்றப் பத்தையும் புரட்டினார். எல்லாமே செப்டம்பர், நாகப்பன் போய் இரண்டு மாதம் கழித்து.

பக்கத்து மோட்டார்க்காரன் மண்ணாங்கட்டி, "சம்பளம் வாங்காம ஒர்த்தர் ஓவர்டைம் பாக்குறாரு போல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் பிறகு சிரிக்கவில்லை.

ரகுபதி விடவில்லை. கறுத்த பாலிஷ் மெழுகைக் கட்டைவிரலில் தடவி, என்னையும் சேர்த்து ஐந்து பேரையும் காகிதத்தில் அழுத்தச் சொன்னார். தானும் அழுத்தினார். ஆறு ரேகைகளும் குறுக்குக் கோடில்லாமல் முழுசாக இருந்தன. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர் குரல் தணிந்துவிட்டது.

"யாரோடதா வேணா இருக்கட்டும். இன்னொரு வாட்டி வந்தா நீ வேலைக்கு வராத. எனக்கு வேற வழி இல்லம்மா."

அந்தப் பதினொன்றையும் தொட மண்ணாங்கட்டி மறுத்துவிட்டான். கங்கம்மாளே லாக்கரைக் கரைத்து, ஒவ்வொன்றாகத் துணிச் சக்கரத்தில் கொடுத்தாள். வெள்ளை ரேகைகள் ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் போயின. அப்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

முதல் ஹப்பைத் துடைத்து வைத்தாள். பிரஷை லாக்கரில் தோய்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு, யாரும் இல்லாத வலப்பக்கம் திரும்பி, கோபமில்லாமல் சொன்னாள்.

"இந்தாய்யா, கைய எட்த்துக்க. இது காயணும். காந்தி இஸ்கூலுக்குப் போவணும்."

ஒருவர் விலகுவதற்கு ஆகும் நேரம் காத்திருந்தாள். அப்புறம்தான் பூசினாள்.

அதன் பிறகு ஒரு ஹப்பும் திரும்பி வரவில்லை. காந்திமதி பத்தாவது முடித்தாள். கங்கம்மாள் ஒவ்வொரு ஹப்புக்கும் பிரஷைத் தூக்கிக்கொண்டு அப்படியே சற்று நிற்பாள். அந்த நேரத்தில் அவள் வலப்பக்கமாக நாங்கள் யாரும் நடந்து போவதில்லை.