ஒட்டு மாப்பிள்ளையும் பச்சைக் குறியும்

அந்தப் பேருக்கு வித்து விழுந்தது என் தங்கை மகள் கல்யாணப் பேச்சின்போது. தங்கை போனில் சொன்னாள், "மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கு ஒட்டுப் போடுறவராம்க்கா."

"சைக்கிள் டியூபுக்குத்தான் ஒட்டுப் போடுவாங்க. நல்லா விசாரிச்சியா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ஒட்டு மாப்பிள்ளை. கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார்.

தொழிலை எனக்குப் புரியும்படி அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டரை ஓட வைக்கிற மென்பொருளில் இலவசமாகவே ஒரு வகை உண்டாம். யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். பழசாகப் பழசாக, திருடன் நுழைகிற ஓட்டைகள் அதில் தெரியவரும். அவற்றை அடைத்துத் தருகிற கம்பெனிக்கு, ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். நம்ம மாப்பிள்ளை ஒன்றுக்குத்தான் கட்டுவார். ஓட்டையை அடைக்க வரும் அந்த ஒட்டுகளைத் தன் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் இறக்கி, அங்கிருந்து மருந்துக்கடை, அச்சகம், அவருடைய அக்கா நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையம் என்று எல்லாருக்கும் அனுப்புவார்.

"இது திருட்டு இல்லையா மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை. பகிரலாம்னு உரிமத்துலயே இருக்கு. ஆனா பகிர்ந்தா அடுத்த வருஷம் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டோம்னு கம்பெனி சொல்லுது."

"அப்போ தின்னலாம், தின்னா அடுத்த வேளை கிடையாதுங்கிறாங்க."

"அதேதான் அத்தை."

சொன்னபடியே ஒரு வருஷம் கம்பெனி அவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, ஒட்டு வருவது நின்றுவிட்டது. மாப்பிள்ளை அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கிறேன் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வேறு வழி பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். கடைகளின் கம்ப்யூட்டர்களோ தினம் காலையில் அந்த அலமாரிப் பெட்டியைக் கேட்கும், புதுசா ஏதாவது இருக்கா என்று. பெட்டிக்கே ஒன்றும் வராததால் இல்லை என்று சொல்லும். உடனே திரையில் பச்சைக் குறி விழும், எல்லாம் சரியாக இருக்கிறதாம். மாதக்கணக்கில் விழுந்தது. அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் சர்க்கரை பார்க்க அவர் அக்கா நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது திரை உறைந்துவிட்டது. எவனோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து, வந்தவர்கள் அத்தனை பேருடைய முடிவுகளையும் பூட்டிவிட்டான். மாப்பிள்ளை ஓடி வந்தார். அதற்குள் அக்கா, முன்னால் பதிவு போடும் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துகூட பச்சைதான் இருந்துச்சு. என் தம்பி வேலையில பிசகு வராது. நீதான் எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கே. நாளையிலருந்து வராதே."

அந்தப் பெண் பையை எடுத்தாள்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தபடியே, "அவங்களை விடுக்கா. ஒட்டு வந்து பல மாசம் ஆச்சு. அந்தப் பச்சை பொய்" என்றார்.

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு."

"இப்போ?"

அக்கா அந்தப் பெண்ணைக் கைகாட்டினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு."

சொன்னார். அவள், "பரவாயில்லைங்க சார்" என்று பையைத் திரும்ப மேஜைக்கடியில் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது. கூனிக் குறுகி நின்றார். நம்ம வீட்டு மாப்பிள்ளையாயிற்றே, எனக்கும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கே கடை கடையாக ஏறி இறங்கிச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் திட்டினாராம். அதற்கப்புறம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒட்டு மாப்பிள்ளை என்று நாங்களும் இப்போது கூப்பிடுவதில்லை. ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு இருக்கிறார். அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகச் சந்தா கட்டுகிறார்கள். தன் அக்கா வீட்டுக்கு மனைவியை மட்டும்தான் அனுப்புகிறார்.