நெஞ்சு கழுவும் லபான்

1. காலை ஷிஃப்டில், உலையின் வாயுவை இழுக்கும் பெரிய விசிறி நின்றுபோனது.
2. தாது விழும் வாய் வழியாகக் கந்தக வாயு வெளியே வந்தது.
3. ஃபோர்மேன் அண்ணன் முகமூடியைத் தேடாமல், நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மேலே ஓடி, தாது வரும் பெல்ட்டை நிறுத்தினார்.
4. இறங்கி வந்து ஒரு பாட்டில் லபான் குடித்தார்.

நான்காவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில், மலையை ஒட்டி எங்கள் ஆலை. துத்தநாகத் தாதுவை உலையில் வறுத்தால் அதிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாகப் போகும். மிஞ்சும் பழுப்புத் தூளிலிருந்து துத்தநாகம் எடுப்போம். ஒருமுறை பற்றவைத்தால் போதும், பிறகு கந்தகமே உலையை எரிக்கும். நான் அங்கே இன்ஜினியர்.

உலைத்தளத்து ஆட்களுக்குக் கம்பெனி தினமும் லபான் கொடுக்கும். நம் மோர்தான், கொஞ்சம் கெட்டி. நெஞ்சில் தங்கிய வாயுவை அது கழுவிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

“க்ளினிக் போலாம்ணா. இந்த வாயு உடனே காட்டாது. நேரம் கழிச்சுத்தான் மூச்சை அடைக்கும்,” என்றேன்.

“அதான் லபான் குடிச்சாச்சே தங்கச்சி. கலாஸ், முடிஞ்சுது.”

“அது வயித்துக்குல்ல போகும்?”

“அண்ணனுக்கு வயிறு நெஞ்சு வரைக்கும் இருக்கு மேடம்,” என்றான் பக்கத்தில் நின்ற வெல்டர்.

அண்ணனும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரமானது. வெல்டர் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“க்ளினிக்ல எழுதினா அன்ஃபிட்னு ஊருக்கு அனுப்பிருவான். பையன் இப்பத்தான் காலேஜ் சேந்திருக்கான். அவன் முடிக்கிற வரைக்கும் ஓட்டிக்கிறேன். யார்ட்டயும் சொல்லாத.”

மதியம் அவர் கண்ட்ரோல் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த படி ஏற முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வெல்டரைக் கூப்பிட்டு, இருவருமாகக் காரில் ஏற்றினோம்.

“கெடுத்துட்டியே,” என்றார்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். வாயு உள்ள இடத்தில் வேலை செய்யக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். வேறு வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. விசா ரத்தானது. அவர் பயந்தது அப்படியே நடந்தது.

அண்ணன் இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் தன் வீட்டில் இருக்கிறார். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று அண்ணி சொன்னார். பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடுகிறான். என் போனை அண்ணன் எடுப்பதில்லை.

விசிறியை மாற்றிவிட்டார்கள். உலை எரிகிறது. லபான் வருகிறது. உலைத்தளத்தில் யாரும் என் எதிரில் இருமுவதில்லை.