இரவல் பிள்ளை

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். துறைமுகப் பக்கம் திரும்புகிற மூலையில் மண்மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி. நான் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுப்பதற்குள் அவள் என் கையை உதறிவிட்டு இரண்டடி முன்னால் போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. காவலுக்கு நின்றவன் மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகரத்துச் சாவடிகளில் சின்னப் பிள்ளைகளைச் சோதிப்பதில்லை. நான் ஆஸ்பத்திரித் தாதி, ஊர்ப் பேச்சில் 'மிஸி', என்பதால் என்னையும் அட்டையைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் இதை இவள் எங்கே பழகினாள்?

சாவடியைத் தாண்டியதும் குனிந்து கேட்டேன். "பெரிய கேற்றில அப்பிடித்தான் நிக்கவேணும் அம்மா. செருப்போட நிண்டா ஏசுவினம்" என்றாள். யாரோடு போனாய் என்று கேட்டேன். "தையலன்ரியோட. வெயில்ல நான் அழுதா முன்னுக்கு விடுவினம். அன்ரி அழச் சொல்லுவா." பெருமையாகத்தான் சொன்னாள். கோயிலுக்குப் போகவில்லை. அப்படியே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தையலக்கா வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த வருடங்களில் சனி, ஞாயிறு வருகிறதென்றாலே எனக்கு நெஞ்சிடி. கிழமை நாட்களில் பிள்ளையைக் கன்னியாஸ்திரிகளின் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சனியும் ஞாயிறும் எனக்கு ஓய்வு என்று பெயர். கடலில் ஒரு படகு வெடித்தால், வீதியில் ஒரு கண்ணிவெடி வெடித்தால், அந்த ஓய்வு போய்விடும். ஆஸ்பத்திரி அற்றெண்டன் சைக்கிளில் வந்து வாசல் படலையில் மணியடித்து, "மிஸி, உடன வரட்டாம்" என்பார். அவர் முகத்தைப் பார்த்தே எத்தனை பேரைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பழகியிருந்தேன். கணவருக்குப் புல்மோட்டையில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார், பாதையை மூடினால் அதுவும் இல்லை. என் சொந்தமெல்லாம் யாழ்ப்பாணத்தில். அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளைப் பிடிக்கவேண்டும். பக்கத்து வீட்டு ரீச்சர் ஒருமுறை பார்த்தார், இரண்டாம் முறை தலையிடி என்றார். எதிர்வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே றேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எந்த நேரம் இராணுவச் சுற்றிவளைப்பு வருமென்று தெரியாத ஊரில் மற்றவர் பிள்ளையை யார் பொறுப்பெடுப்பார்கள்? இப்போது இப்படிச் சொல்கிறேன். அன்று எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளுக்கும் கேட்கத் திட்டினேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து தையலக்கா வந்தார். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துச் சீவிக்கிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் கொழும்பில் மாமன் வீட்டில் நின்று படிக்கிறான் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். "என்னட்டத் தாங்கோ மிஸி. நான் சும்மாதானே இருக்கிறன்" என்று பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஞாயிறு என்றால் அவர் கொஞ்சம் யோசிப்பார், தைத்துக் கொடுக்க வேலை இருக்கிறது என்பார். சனி என்றால் யோசிக்கவே மாட்டார். பிறகு பிறகு நான் கேட்காமலே சனிக்கிழமை காலையில் படலைக்கு வந்து, "இண்டைக்கு உங்களைக் கூப்பிடேல்லையோ? பரவாயில்லை, பிள்ளையைத் தாங்கோ, நீங்கள் கொஞ்சம் படுங்கோ" என்று கொண்டுபோவார். ஒரு றாத்தல் சீனி கொடுத்தாலும் வாங்கமாட்டார். நித்திரை இல்லாமல் கண் எரிந்துகொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தையே போதும். இப்படியும் ஒரு மனுசி உண்டா என்று கணவருக்குக் கடிதத்தில் எழுதினேன்.

கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை, அதுதான் என் பிழை. பிள்ளை வீட்டில் வெறும் போத்தல்களை வரிசையாக நிறுத்தி ஒரு விளையாட்டு விளையாடுவாள். கடதாசித் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகப் பார்த்து, "பேர் இல்லை. போ. அடுத்த சனி வா" என்பாள். சில போத்தல்களைத் தள்ளி விழுத்துவாள். தாயைப் போலக் கிளினிக் நடத்துகிறாள் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மற்ற மிஸிமாரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறு சாவடியிலிருந்து நான் நேரே போனபோது தையலக்கா தையல் மெசினில் இருந்தார். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, "எந்தக் கேற்றுக்கு இவளைக் கொண்டு போறனீங்கள்?" என்று கேட்டேன். அவர் காலை மெசினிலிருந்து எடுத்தார். மறைக்கவில்லை. மகன் கொழும்பில் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் பாலையூற்றில் சிநேகிதன் வீட்டில் நின்றபோது சுற்றிவளைப்பில் பிடித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஓர் இராணுவ முகாமில் வைத்திருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் அங்கே உடுப்புப் பார்சல் வாங்குவார்களாம், பார்க்கக்கூடியவர்களின் பெயரை வாசிப்பார்களாம்.

"கையில சின்னப் பிள்ளை இருந்தா முன்னுக்கு எடுப்பினம் மிஸி. இல்லாட்டி வரிசையின்ர வாலில நிக்கவேணும். பன்னிரண்டு மணிக்குக் கேற்றைப் பூட்டிப்போடுவாங்கள். நான் முதல் மூண்டு சனியும் வாலில நிண்டு திரும்பி வந்தனான். அங்க கனபேர் இரவல் பிள்ளையோடதான் வருகினம். நான் இவளைப் பேத்தி எண்டு சொன்னனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே!"

"பிடிச்சவங்கள் எண்டு சொன்னா என்னட்ட ஆர் மிஸி பிள்ளை விடுவினம்?"

"உங்கட பிள்ளைக்காக என்ர பிள்ளையைக் கொண்டுபோய்த் ஆமியின்ர துவக்குக்கு முன்னால நிப்பாட்டினீங்களோ?"

"ஓம்" என்றார்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "வாற சனி அவனைக் கூட்டிவந்து காட்டுறம் எண்டு சொல்லியிருக்கினம். இந்த ஒரு சனி மட்டும் தாங்கோ. பிறகு உங்கட படலைப் பக்கமே வரமாட்டன்." நான் கையை இழுத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கிழமை முழுவதும் அவர் மெசின் சத்தம் கேட்கவில்லை. நான் சன்னலைச் சாத்தி வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அற்றெண்டன் வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. துறைமுகப் பக்கம் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒருவர் வீடும் திறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தையலக்கா தன் படலையில் முகாமுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். கையில் ஒரு பார்சல், அதற்குள் மகனுடைய வெள்ளைச் சேட்டின் கொலர் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைதான் "அன்ரி" என்று அவர் பக்கம் கையை நீட்டினாள். நான் அவள் தலையை என் தோளில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு கடந்து போனேன். ஆஸ்பத்திரியில் துணி அலுமாரிகள் இருந்த சின்ன அறையில் அவளை இருத்திக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு இந்தப் பக்கம் தரையைக் கழுவக் கழுவ நிறம் மாறவில்லை. காயப்பட்டுக் கிடந்த எவன் தாயைக் கூப்பிட்டாலும் எனக்கு அந்தச் சேட்டுக் கொலர்தான் கண்ணில் வந்தது.

தையலக்கா தனியே போயிருக்கிறார். வாலில் நின்றிருக்கிறார். அவருக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது கேற்றைப் பூட்டியிருக்கிறார்கள். அடுத்த சனி விடியமுன்னமே போய் முதல் ஆளாக நின்றாராம். பெயர்க் கடதாசியைப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை, ஒழுங்கை முனைக் கடைக்காரர் சொன்னார். பிள்ளையோடு போயிருந்தால் மட்டும் காட்டியிருப்பார்களா? அது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததோடுதான் நான் இவ்வளவு காலமும் இருக்கிறேன். வேலைக்குப் போகாமல் நானே பிள்ளையோடு அவருக்குத் துணையாகப் போயிருக்கலாம் என்ற யோசனை எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

ஒரு மாதம் போயிருக்கும். மறுபடி ஒரு சனிக்கிழமை, மறுபடி படலையில் மணி. வேறு ஒரு வழியும் இல்லை. வெட்கத்தை விட்டு அவர் வாசலில் போய் நின்றேன். ஏசுவார், கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பின்னேரம் ஓடோடி வந்து பார்த்தால், பிள்ளை குளித்து, தலை சீவி, பாயில் நித்திரை. அவளுக்கு மிச்சத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

"இண்டைக்கு எங்கயும் போகேல்லை மிஸி. பயப்பிடாதேங்கோ" என்றார். "இனிப் போறதுக்கு இடமில்லை."

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர்தான் அவளைப் பார்த்தார். பிறகு நெஞ்சுவருத்தத்தில் செத்துப்போனார்.

மகள் இப்போது இதே ஊரில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். சாவடி இருந்த மூலையில் ஐஸ்கிறீம் கடை இருக்கிறது. வேலை என்றால் தன் மகனை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அவனுக்கும் நான்கு வயது. போன மாதம் ஒருநாள், ஏன் என்று தெரியாது, இதை முழுவதும் அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கேற்று நினைவே இல்லை. "பாவம் அம்மா அந்த மனுசி. அந்த ஒரு நாளைக்கு என்னை விட்டிருக்கலாமே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் காட்டி, "நீ எண்டா இவனை விடுவியோ?" என்று கேட்டேன்.

"ஏலாது" என்றாள் உடனே. சொன்ன பிறகுதான் அழத் தொடங்கினாள்.