ஜீரோ பாத்துக்கோங்க

பழைய பெட்ரோல் பம்பின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை மூன்று சுற்று சுற்றி, எண்கள் உருண்டு உருண்டு மீண்டும் பூஜ்யத்தில் நின்றதும், "ஜீரோ பாத்துக்கோங்க" என்கிறார் ஐரீன். எதிரில் வண்டியும் இல்லை, பம்பில் பெட்ரோலும் இல்லை. அது வறண்டு பதினாறு வருடமாகிறது. ஆனாலும் தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்து, இதை ஒருமுறை சொன்னால்தான் அவருக்கு ஸ்டூலில் உட்காரவே மனம் வரும்.

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையோரம் இருக்கிறது அந்தப் பங்க். உள்ளே நான்கு புது பம்புகள். வாசல் மூலையில் இந்தச் சிவப்புக் கிழம். ஐரீனுக்கு ஐம்பத்து மூன்று வயது, ராயபுரத்துக்காரர். இருபது வருடம் நின்றுகொண்டே பெட்ரோல் போட்டதில் முழங்கால் இரண்டும் போய்விட, முதலாளி ஹுமாயூன் பாய் அவரை இந்த மூலைக்கு மாற்றினார். கல்யாண ஜோடிகள்தான் காரணம். பம்பின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மாத்தூரிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வருகிறார்கள். வந்த கையோடு வண்டிக்குப் பெட்ரோலும் போட்டுக்கொள்கிறார்கள்.

பங்க்குக்குள் செல்போன், கேமரா எதையும் வெளியே எடுக்கக் கூடாது என்பதில் ஐரீன் கறார். "காஞ்சுபோன பம்புதானேக்கா?" என்று ஒரு போட்டோக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"பம்பு காஞ்சா இன்னா, பங்க்கு காஞ்சுடுச்சா? ரோட்டுக்கு அந்தாண்ட போய் எடு நைனா."

அந்தாண்ட போனால், நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் படம். அதைக் கணிப்பதில் ஐரீனை மிஞ்ச ஆளில்லை. கையை உயர்த்தி, "இப்ப எடு!" என்று கத்துவார். எத்தனை கல்யாண ஆல்பங்களின் ஓரத்தில் அந்தக் கை இருக்கிறதோ!

இந்தப் பம்பில் ஒரு சொட்டுகூட வாங்கியிராத பிள்ளைகளுக்கு இதன்மேல் அப்படி என்ன ஆசை? அங்கே வழக்கமாகப் பெட்ரோல் போடும் எனக்கு இது குடைச்சலாகவே இருந்தது. ஐரீனிடமே கேட்டேன்.

"புச்சு பம்புல லைட்டு எரியுது, உள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இதுல நம்பரு உருள்றத கண்ணால பாக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெய்யாலுமே எனுக்குத் தெரியாது சார். அதுங்க சிரிக்கசொல்லோ நல்லாகீது" என்றார். எனக்கு இரண்டாவது பதில்தான் பிடித்தது.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றும் இயந்திரம் வரப்போகிறது. பாய் அதற்கு இந்த மூலையைக் காட்டியிருக்கிறார். அந்த இயந்திரத்துக்கு ஆள் வேண்டாம், வண்டிக்காரர்களே மாட்டிக்கொள்ளலாம். பம்பு போனால் ஐரீனின் ஸ்டூலும் போகும். திரும்ப நின்று வேலை செய்ய முழங்கால் விடாது. "நான் எங்க சார் போறது?" என்று என்னிடம் கேட்டார்.

நேற்று இடம் பார்க்க வல்லரசு என்ற இன்ஜினியர் வந்தார். அளவெடுக்க போனை எடுத்தார்.

"போன உள்ள வை சார், பங்க்ல கீற."

போனைச் சட்டைப்பையில் வைத்தார். டேப்பை நீட்டி அளந்து, பம்புக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டார். அவர் நிமிர்வதற்குள் ஐரீன் கைப்பிடியைச் சுற்றிவிட்டார்.

"சார், ஜீரோ பாத்துக்கோங்க."

வண்டி ஓட்டுகிற எவரும் அந்தக் குரலுக்குத் திரும்பாமல் இருக்க முடியாது. வல்லரசும் திரும்பினார். குனிந்து எண்களைப் பார்த்தார். தானும் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார், அது உருள்வதைப் பார்த்துச் சிரித்தார், இன்னொரு சுற்று சுற்றினார்.

அவர் திரும்பியபோது, சாக்பீஸ் குறியின்மேல் ஸ்டூலைப் போட்டு ஐரீன் உட்கார்ந்திருந்தார்.