சித்தப்பாவுக்கு வராத வில்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளோடு ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் இரண்டு கூடை பித்தளைப் பாத்திரமும் ஒரு நீளமான பையும் வந்தன. மற்றவை பார்த்தவுடன் புரிந்தன. பைதான் யாருக்கும் புரியவில்லை. உள்ளே இருப்பது தம்புரா என்று அத்தை உறுதியாகச் சொன்னாள். புதுப்பெண் பாடப்போகிறாள் என்று கூடத்தில் ஜமுக்காளம்கூட விரித்தாகிவிட்டது. சித்தி உட்கார்ந்து பையைத் திறந்தாள். ஒரு மரப்பிடி, அதில் மேலும் கீழும் பொருத்துகிற இரண்டு வளைந்த பட்டைகள், சுருட்டிய நாண், அலுமினிய அம்புகள்.

"இன்னாம்மா இது?" என்றார் தாத்தா.

"ரீகர்வ் வில்லுங்க மாமா. காலேஜ்ல விட்டுகினு இருந்தேன்."

"ஆரணிக்கு யாரும்மா சண்டைக்கு வராங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். பாட்டு இல்லை என்று ஆனதும் ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள்; வில் கட்டிலுக்கு அடியில் போனது.

எனக்கு அப்போது பத்து வயது. தெருக்கோடியில் பாவடி இருந்தது. தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவின் இழைகளை விடியற்காலையில் நீளமாக இழுத்துக் கட்டி நேர்செய்யும் பொது இடம். வெயில் ஏறினால் அந்த வேலை முடிந்துவிடும். மாலையில் ஆடுகள்தான் நிற்கும். சித்தி கோணிப்பையில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, அதன்மேல் வட்டங்கள் வரைந்து நடுவில் மஞ்சள் பூசிய காகிதத்தைக் குத்தி, அங்கே அம்பு விடத் தொடங்கினாள். அவள் நாணை இழுத்துத் தாடைக்குக் கீழே நிறுத்தும்போது முகத்தில் ஒரு தசைகூட அசையாது. நான் அதுவரை பார்த்த பெரியவர்களில் யாரும் அவ்வளவு சும்மா நின்றதில்லை.

சித்தி தாய்வீட்டுக்குக் கண்ணமங்கலம் போயிருந்த ஒரு நாள் சித்தப்பா அந்த வில்லை எடுத்தார். அவருக்கு நீண்ட கைகள். சித்தியின் அம்போ சித்தியின் கைக்கு அளந்து வெட்டியது. அவர் முழுக்க இழுத்ததும் அம்பின் முனை, பிடியில் அது உட்கார வேண்டிய இடத்தைத் தாண்டிப் பின்னால் வந்து நழுவியது. அந்த நேரம் பார்த்து விட்டுவிட்டார். இடது கட்டைவிரலின் அடியைக் கிழித்துக்கொண்டு அம்பு தரையில் விழுந்தது.

சித்தப்பா நெசவாளி. கையில் கட்டோடு அவர் சும்மா உட்கார்ந்திருக்க, பாதிச் சேலை தறியிலேயே நின்றது. சித்தி திரும்பி வந்த அன்று தாத்தா தீர்ப்புச் சொன்னார்.

"பேஜார் புடிச்ச சாமான். அடுத்த வாட்டி கண்ணமங்கலம் போறப்ப இதையும் எடுத்துகினு போய் அங்கயே வெச்சிடும்மா."

சித்தி வில்லை மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த வில்லை எதற்குத் துடைக்கிறாள் என்று நான் யோசித்தேன்.

"வில்லு மேல தப்பு இல்லப்பா," என்றார் சித்தப்பா. "அம்புதான் என் கைக்கு சேரல. எனக்கு இத்த கத்துக்கணும்னு ஆசையா இருக்குது."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

தாத்தாவுக்குக் கடைசிப் பிள்ளை என்றால் கொஞ்சம் இளக்கம். "சரி, கத்துக்கோ. கத்துகினு முடிச்சதும் அது இந்த வூட்ல இருக்கக் கூடாது," என்றவர் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ கூடப் போ. கத்துகினானா இல்லியான்னு எனக்கு வந்து சொல்லு. நீதான் பொய் சொல்ல மாட்ட."

அந்தப் பொறுப்பை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

காயம் ஆறியதும் சித்தி முதலில் அம்பைத்தான் பார்த்தாள். பாவில் இழை பிரிக்கச் செருகும் மெல்லிய மூங்கில் கோலை நாணில் வைத்து, சித்தப்பாவை இழுக்கச் சொன்னாள்.

"இழுங்க. விட்டுடாதீங்க, மெதுவா கொண்டாங்க. விட்டீங்கன்னா திரும்பவும் கட்டுதான்."

பிடியின் முன்விளிம்பு கோலில் பட்ட இடத்தில் கோடு போட்டு, அதற்குமேல் நான்கு விரல் கூட்டினாள். அதுதான் அவருக்கான நீளம். நீளம் கூடினால் அம்பு தொளதொளவென்று வளையும், அவர் இழுப்பதோ அதிகம், அதனால் தன்னுடையதைவிட விறைப்பான அம்பு வேண்டும் என்று சொல்லி, சென்னையில் இருந்த கல்லூரித் தோழி மூலம் வாங்கினாள்.

பிறகு வில். நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். குறைந்தால் நாணைக் கழற்றி இன்னும் முறுக்கினாள். கூடினால் முறுக்கைத் தளர்த்தினாள். அம்பைப் பொருத்தும் இடத்தில் சிவப்புப் பட்டு நூலால் ஒரு முடிச்சு. கடைசியில், இறகுகளைப் பிடுங்கிய ஓர் அம்பு. அதற்கு நான் வைத்த பெயர் மொட்டை அம்பு. இறகு உள்ளவற்றை விட்டுவிட்டு அதையும் விட வேண்டும். அது மற்றவற்றுக்குக் கீழே குத்தினால் சிவப்பு முடிச்சை ஒரு துளி இறக்குவாள். வலப்பக்கம் ஒதுங்கினால் அம்பு தொளதொளப்பு, இடப்பக்கம் ஒதுங்கினால் விறைப்பு. சித்தப்பாவின் மொட்டை அம்பு எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. கோணிப்பைக்கே போகவில்லை.

"ஏங்க, அது ஆட்டுக்குட்டி. குறி இந்தாண்ட இருக்குது."

"எனக்கு வர மாட்டேங்குது. நீ இன்னொரு வாட்டி விட்டுக் காட்டு."

காட்டுவாள். அவர் கல்லின்மேல் உட்கார்ந்து பார்ப்பார். "தோள் எப்படி வெக்கறன்னு சரியாப் பாக்கல. இன்னும் ஒரு தபா." இப்படியே வெளிச்சம் போகும்வரை. கணக்குப் பார்த்தால் அவர் விட்டது கொஞ்சம், சித்தி விட்டதுதான் ஏராளம். இப்படி ஒரு மக்கு மாணவனைச் சித்தி எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ என்று அவள்மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது.

"கத்துகினானா?" என்று தாத்தா கேட்பார்.

"இன்னும் இல்ல தாத்தா. சுத்தமா வரல."

மழைக்காலம் வந்து போனது. நான் வகுப்பு மாறினேன். பதில் மாறவில்லை.

பிறகு ஒரு மாலை. சித்தி குழாயடிக்குக் கை கழுவப் போயிருந்தாள். நான் வேப்பமரத்தின் பின்னால் கொலுசின் திருகைத் தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா எழுந்து வில்லை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. இறகு அம்புகள் மூன்று, பின்னால் மொட்டை அம்பு. நான்கும் நடு மஞ்சளில், ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன.

"சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜல்தியாகப் போய் நான்கையும் பிடுங்கினார். "காத்து, பாப்பா. காத்து தள்ளிகினு போயி நடுவுல சொருகிடுச்சு."

அன்றைக்குச் சாப்பாட்டின்போது நான் உள்ளபடி அறிக்கை கொடுத்தேன். "சித்தப்பா நாலையும் நடுவுல விட்டாரு தாத்தா. காத்து தள்ளிச்சுன்னு சொல்றாரு. ஆனா இன்னிக்குக் காத்தே இல்ல. வேப்பமரத்துல ஒரு இலைகூட ஆடல. நான் பாத்தேன்."

சித்தப்பா இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. ரசம் ஊற்ற வந்த சித்தியின் கரண்டி அப்படியே நின்றது. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். முதல் தடவையாக ஒருவரைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. தாத்தா இரண்டு பேரையும் பார்த்தார். சோற்றில் குழி செய்தார்.

"ஊத்தும்மா," என்றார். "காத்துல பட்டதெல்லாம் சேத்தி இல்ல. அவன் இன்னும் கத்துக்கல. நாளைக்கும் போங்க."

எனக்குத் தாத்தாமேல் அடக்க முடியாத கோபம். காற்றே இல்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னேனே.