ஒரு மணி கூட்டின எமிர்

எமிருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ரோடுதான். பிரின்ஹெலிக்ல இருந்து சந்தை கூடுற டவுன் வரைக்கும் பதினெட்டு மைல், இருபத்தாறு ஸ்டாப். முப்பத்தோரு வருஷமா அதுலதான் பஸ் ஓட்டுறான். அதைத் தாண்டி வேற ஊருக்குப் போனா வயித்துல கல்லைக் கட்டின மாதிரி ஆயிடும். வெளிய சொல்ல மாட்டான். ஆறடி ஆளு, ஞாயித்துக்கிழமை பிரார்த்தனைக்குப் போற சேப்பல்ல அடித்தொண்டையில பாடுற ஆளு, தெரியாத ஊர்னா பயம்னு எப்படிச் சொல்லுவான்?

அவன் பொண்டாட்டி மென்னாவுக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சுதான் புதன்கிழமை, அவன் லீவு நாளாப் பாத்து, காலையிலயே கோட்டு மாட்டிக்கிட்டு நின்னா.

"அபெர்வெர்னல் போறோம். அங்கதான் நல்ல கம்பளிச் சால்வை கிடைக்குமாம். ஏலனைக் கட்டித் தூக்க வேணாமா?"

ஏலன் அவங்க பேத்தி. சால்வையால குழந்தையைத் தன் உடம்போட சேத்துக் கட்டித் தூக்குறது அவங்க ஊர் வழக்கம். பொறந்து மூணே வாரம். அந்தப் பேரைச் சொன்னா எமிர் எந்த ஊருக்கும் வருவான்னு அவளுக்குத் தெரியும்.

போற பஸ்ல டிரைவரு ஒரு சின்ன வயசுக்காரன். எமிர் வழி பூரா முணுமுணுத்தான். "பாரு, ரெண்டு நிமிஷம் லேட்டு. வளைவுல பிரேக்கை எப்படி மிதிக்கிறான் பாரு."

"நீ ஜன்னல் வழியா ஆட்டைப் பாரு," மென்னா சொன்னா. "அவன் ரோட்டைப் பாத்துக்குவான்."

அபெர்வெர்னல் கடலோர ஊரு. சந்து சந்தா இறங்குது, எந்தச் சந்து எங்க முடியுதுன்னே தெரியல. எமிர் மென்னாவோட கையை விடவே இல்ல. சால்வை வாங்கினாங்க. பால் நிறம், விரிச்சா கட்டில் அகலம்.

"குழந்தைக்கா இது? கூடாரம் போடலாம்!"

"நம்ம பொண்ணு மேகனை இதைவிடப் பெரிசுலதானே கட்டித் தூக்கினே? மறந்துட்டியா?"

கரையோர டீக்கடையில உக்காந்தாங்க. கடைக்காரம்மா பேரு ஆல்வென். கடைக்கு நேர் எதிர்ல, கடலுக்குள்ள ஒரு குட்டித் தீவு. தண்ணி வத்தினா மணல்ல நடந்தே போகலாம். மேல இடிஞ்ச சேப்பலும் நாலு ஆடும் இருக்கு. மென்னாவுக்குப் போகணும். எமிர் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல. அப்பதான் சுவத்துல ஒட்டியிருந்த அட்டை கண்ணுல பட்டுது. பதினோரு மணியில இருந்து மூணு மணி வரை போய் வரலாம்னு எழுதியிருந்துது.

மணிக்கணக்குன்னா எமிருக்குப் பயமே கிடையாது. காலையில இருந்து அப்பதான் நெஞ்சை நிமித்தினான்.

"மூணு இல்ல, நாலு," மென்னாகிட்டச் சொன்னான். "எங்கப்பா ஆத்து முகத்துல படகு ஓட்டினாரு. கோடையில நாமதான் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளுறோம், கடலு தள்ளாது. கடல் அட்டையில தள்ளாத பழைய நேரம்தான் இருக்கும், அதனால அதோட ஒரு மணி கூட்டிக்கணும். சின்னப் புள்ளையிலயே எனக்குத் தெரியும்."

"அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு நாளாவது நேரம் தப்பியிருக்கேனா?"

பிஸ்கட்டு, கேக்கு, தண்ணி பாட்டிலு எல்லாம் இருந்த பையை, "தீவுல இருந்து திரும்பி வரப்ப எடுத்துக்கிறோம்மா"ன்னு ஆல்வென்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. "நாலு மணிக்குக் கடை சாத்திடுவேன், அதுக்குள்ள வந்துடுங்க"ன்னா அவ. எமிர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினான். நாலுன்னுதானே அவனும் சொன்னான்! சால்வையை மட்டும் மென்னா கொடுக்கல, கக்கத்துல இடுக்கிக்கிட்டா.

தீவுல நல்லாத்தான் இருந்துச்சு. இடிஞ்ச சுவத்துக்குப் பின்னால காத்து படாம உக்காந்து, பேத்திக்கு யாரோட மூக்குன்னு சண்டை போட்டாங்க. மூணே கால் இருக்கும். மென்னா எழுந்து சுவத்தைச் சுத்தி வந்தா. அப்படியே நின்னுட்டா.

"எமிர். நாம வந்த வழி எங்க?"

"அங்கதான் இருக்கும். இன்னும் முக்கா மணி நேரம்..."

வந்து பாத்தான். மணல் இருந்த இடத்துல சாம்பல் கலர்ல தண்ணி. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒண்ணை ஒண்ணு தொட வர்ற மாதிரி ஓடிட்டு இருந்துச்சு. சத்தமே இல்ல. அதுதான் அவனைக் கலக்கிடுச்சு. அவனுக்கும் நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"முழங்கால் அளவுதான். வா, சீக்கிரம்."

அதுவும் தப்பு. பத்து அடி போறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. காலுக்குக் கீழ மணலு உருவிக்கிட்டுப் போச்சு. மென்னா சறுக்கி விழுந்தா. அவ கோட்டுக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு எப்படித் திரும்பத் தீவுல ஏறினான்னு அவனுக்கே தெரியல. சேப்பல் சுவத்துக்குப் பக்கத்துல அவளை உக்கார வெச்சான். அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. அவ நெஞ்சுக்குள்ள இருந்து விசில் மாதிரி.

மென்னாவுக்கு இளைப்பு உண்டு. பனியோ குளிரோ பட்டா உடனே பிடிச்சுக்கும். இன்ஹேலர் எப்பவும் கையோடதான் இருக்கும்.

"இன்ஹேலர் எங்க?"

அவ கையைத் தூக்கிக் கரையைக் காட்டினா. டீக்கடைப் பைக்குள்ள.

செல்போனை எடுத்தான். தண்ணி சொட்டுச்சு. செத்துப் போச்சு. கரையைப் பாத்துக் கத்தினான். காத்து அவன் குரலைத் திருப்பி அவன் வாயிலயே திணிச்சுது. ஆடு நாலும் அவனைப் பாத்துட்டு, திரும்பப் புல்லுல வாயை வெச்சுதுங்க. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு மனசுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

அவ உதடு வெளுத்துப் போச்சு. பல்லு கிடுகிடுக்குது. தீவுல காயாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். சால்வைக் கடைக்காரி பிளாஸ்டிக் கவர்ல சுத்திக் கட்டிக் கொடுத்த சால்வை. எமிர் கவரைப் பல்லால கிழிச்சான். கைக்கு அந்தக் கட்டு மறக்கல. மேகனைத் தூக்கினப்ப கத்துக்கிட்டது. ஒரு முனை கக்கத்துக்கு அடியில, இன்னொரு முனை தோளைச் சுத்தி, கடைசியில முன்னால செருகல். மென்னா முதுகைத் தன் நெஞ்சோட சேத்து வெச்சுக் கட்டினான்.

"இப்ப என்னோட மூச்சு விடு. அவசரப்படாத. நம்ம பஸ்ஸுதான்னு வெச்சுக்க. செயோன் சேப்பல். உள்ள இழு. குவாரி கேட்டு. விடு. மூணு பாலம். இழு. டாக்டர் வீடு. விடு."

இருபத்தாறு ஸ்டாப்பும் போனான். முடிஞ்சதும் திரும்பி வந்தான். மறுபடி போனான். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அவ முதுகு அசையுதான்னு நெஞ்சால தொட்டுப் பாத்துக்கிட்டான். எத்தனை தடவைன்னு தெரியாது. ஒரு தடவை போஸ்டாபீஸ் வந்தப்ப முதுகு அசையல.

"போஸ்டாபீஸ், மென்னா! விடு! போஸ்டாபீஸ்!"

விசில் மறுபடி கேட்டுச்சு.

அப்பதான் ஊர்க்காரங்களே சேந்து ஓட்டுற ஆரஞ்சு கலர் மீட்புப் படகு ஒண்ணு கரையில இருந்து கிளம்பிச்சு. ஓட்டினது ஊர்க் கறிக்கடைக்காரரு. பக்கத்துல ஒரு வாத்தியாரம்மா. முன்னால, இன்ஹேலரைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆல்வென். நாலு மணி ஆகியும் பை கடையிலயே கிடக்கவே, பிரிச்சுப் பாத்திருக்கா. மருந்தைப் பாத்ததும் படகுக்காரங்களைக் கூப்பிட ஓடியிருக்கா.

ரெண்டு தடவை உறிஞ்சின பின்னாலதான் மென்னா கண்ணைத் திறந்தா.

கடையில அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சு ஆல்வென் டீ கொடுத்தா. கறிக்கடைக்காரரு கூட்டிட்டு வந்த டாக்டரு நெஞ்சைப் பாத்துட்டு, இனி வீட்டுக்குப் போகலாம்னாரு. அதுக்கப்புறம்தான் ஆல்வென் கேட்டா. "அட்டையில மூணுன்னு போட்டிருக்கேனே?"

"ஒரு மணி கூட்டிக்கிட்டேன்."

"அட கடவுளே. அதைக் கூட்டித்தானே எழுதியிருக்கேன். கீழ சொல்லியும் இருக்கே!"

எமிர் எழுந்து போய்ப் பாத்தான். சின்ன எழுத்துல இருந்துச்சு. திரும்பி வந்து உக்காந்தான். மென்னா அவன் கையைத் தட்டினா. "உங்கப்பா சொன்னது சரிதான். நீ அட்டையை முழுசாப் படிக்காததுதான் தப்பு."

கடைசி பஸ் அஞ்சரைக்கு. இவங்க போய்ச் சேர்றப்ப அஞ்சு முப்பத்தொம்பது. பஸ் நின்னுட்டு இருந்துச்சு. காலையில வந்த அதே சின்னப் பையன்தான்.

"படகு போனதைப் பாத்தேன்," அவன் சொன்னான். "உங்க ரெண்டு பேரைத்தான் காணோம். அதான் நின்னேன்."

முப்பத்தோரு வருஷத்துல எமிர் யாருக்காகவும் ஒரு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வெச்சதில்ல. "தேங்க்ஸ் தம்பி"ன்னான்.

வழி பூரா அவ முதுகுல கையை வெச்சுட்டு வந்தான். இருட்டத் தொடங்கினப்ப, தூரத்துல அவங்க ஊரு வெளிச்சம் தெரிஞ்சுது. மென்னா சால்வையை மூக்குல வெச்சுப் பாத்தா. என்னோட வேர்வை நாத்தம், உன்னோட வேர்வை நாத்தம், ஒரு தடவை அலசினா போயிடும், ஏலனுக்குத் தெரியவே தெரியாதுன்னா.

எமிர் தன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அவ முதுகு அசையுதான்னு இன்னும் பாத்துட்டே இருந்தான். அவ திரும்பிப் பாத்தா.

"செயோன் சேப்பல் வந்துடுச்சு," மென்னா மெதுவாச் சொன்னா. "இப்பவாவது மூச்சு விடுடா."